கலங்கிய நீரும் கட்டிய கோப்பும்

எம் இல்லத்தின் பின்புறம் ஓர் ஓடை உண்டு. அதற்குப் பெயர் இல்லை. மலைச்சரிவில் ஏலத் தோட்டங்களுக்கிடையே பிறந்து, பாறைக்குப் பாறை தாவி, எம் அன்னையார் துணி துவைக்கும் கல்லை நனைத்துக்கொண்டு இறங்கி, பள்ளத்தில் முதிரப்புழை ஆற்றோடு கலந்துவிடும். அதன் கரையில் வளர்ந்த எமக்கு, நல்ல நீர் என்றால் அடியிலுள்ள கூழாங்கல் தெரிய வேண்டும். யாம் அறிந்த இலக்கணம் அவ்வளவே. அந்த இலக்கணத்துக்குப் புறம்பான நீரையும் மக்கள் குடித்து வாழ்கிறார்கள் என்பதைக் கண்ணால் காண எமக்கு இருபத்தைந்து வயதாயிற்று.

எம் ஊர் சித்திரபுரம். மூணாற்றை அடுத்த மலையூர். திருவிதாங்கூர் மன்னர் சித்திரைத் திருநாளின் பெயரைத் தாங்கியது. பள்ளிவாசல் நீர்மின் திட்டம் உருவான நாளில், அதன் ஊழியர்க்கும் உழைப்பாளர்க்கும் உறைவிடமாக வளர்ந்தது. எம் பாட்டனார் அத்திட்டத்தில் கல் சுமப்பதற்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போடிமெட்டு ஏறி வந்தவர். 1940இல் பள்ளிவாசலில் மின்சாரம் பிறந்தது. இன்றைய கேரளத்தில் அரசு அமைத்த முதல் நீர்மின் நிலையம் அதுவே. மலைமேலிருந்து இரும்புக் குழாய்களில் இறங்கும் நீர் சக்கரத்தைச் சுழற்றிவிட்டு மீண்டும் ஆறாகிப் போவதைச் சிறுவயதில் தந்தையாரின் கையைப் பற்றிக்கொண்டு பார்த்திருக்கிறோம். ஆற்றைத் தடுப்பதிலும் திருப்புவதிலும் இழப்புகள் உண்டென்பதைப் பின்னாளில் படித்து அறிந்தோம். எனினும் அன்று கண்டது உண்மை: விளக்கை ஏற்றிய நீர், நீராகவே வெளியே வந்தது.

இளங்கலைப் பட்டம் பெற்று, மத்திய அரசுத் தேர்வெழுதி, எழுத்தராக யாம் தன்பாத் வந்து சேர்ந்தது 2006ஆம் ஆண்டு. தமிழகத்திலிருந்து மலைக்கு ஏறிய குடும்பம், மலையிலிருந்து நிலக்கரி நாட்டுக்கு இறங்கியது. இரண்டு தலைமுறைக்குள் இருமுறை இடம்பெயர்ந்த எம்மை, இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் தம் பிள்ளைபோல் ஏற்றுக்கொண்டன. பொங்கலுக்குப் பானையும், கரும்புக்கு முன்பதிவும், பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பும் தந்தது நம் சங்கம். மலருக்கு ஏதேனும் எழுதுங்கள் என்று குழுவினர் ஆண்டுதோறும் கேட்பார்கள், யாம் நழுவிவிடுவோம். இவ்வாண்டு விடுமுறையில் சித்திரபுரத்து வீட்டுத் திண்ணையில் அமர்ந்து இதை எழுதுகிறோம். எழுதாமல் இருக்க இயலாத ஒரு காரணம் நேர்ந்தது. அதைச் சொல்வதற்கு முன் தாமோதர் நதியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

யாம் தாமோதரை முதன்முதல் கண்டது சத் பூசை நாளில். பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று, முறத்தில் பழங்களை ஏந்தி, மறையும் ஞாயிற்றுக்கு வழிபாடு செய்துகொண்டிருந்தனர். நீர் அவர்களுடைய மஞ்சள் புடவையில் சாம்பல் நிறக் கோடு ஒன்றை விட்டிருந்தது. கரையேறியவர்கள் அதைக் கவனிக்கவே இல்லை. பிறந்த நாளிலிருந்து அப்படியே பார்த்தவர்களுக்கு அது ஆற்றின் நிறம். எமக்கு மட்டுமே அது அழுக்கு. ஜாரியா வட்டாரத்தில் இந்நதியின் நீரைத்தான் ஜாமாடோபாவில் எடுத்துச் சுத்தம் செய்து குடிக்க வழங்குகிறார்கள்.

நிலக்கரி நீரைக் கெடுக்கும் வழிகள் பல. அவற்றுள் இரண்டை மட்டும் சொல்வோம். நம் நாட்டு நிலக்கரியில் சாம்பல் மிகுதி. எஃகு உலைக்கு அது ஆகாது என்பதால் கரியைக் கழுவி எடுக்கிறார்கள். அரிசி களைந்த நீர் வெளுத்திருப்பதுபோல், கரி களைந்த நீர் கறுத்திருக்கும். நுண்ணிய தூள் மிதக்கும் குழம்பு அது. அதைக் குட்டைகளில் தேக்கிப் படியவிட்டுத் தெளிந்த நீரையே வெளியே விட வேண்டும். குட்டை நிரம்பினாலோ, கரை உடைந்தாலோ, இரவில் யாரேனும் மதகைத் திறந்துவிட்டாலோ, குழம்பு அப்படியே ஆற்றுக்குப் போகும். இரண்டாவது வழி கண்ணுக்குத் தெரியாதது. கரியோடு கலந்துள்ள இரும்புக் கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டவுடன் கந்தக அமிலமாகிறது. கந்தகம் மிகுந்த வடகிழக்கு மாநிலங்களின் சுரங்கங்களில் இதன் கொடுமை பெரிது. மேகாலயத்தின் ஜயந்தியா மலைகளில் மீனற்றுப்போன ஓடைகள் பல. ஜாரியாச் சுரங்கநீர் பெரும்பாலும் அவ்வளவு அமிலமாக இராது. ஆயின் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்திருக்கும்.

இதையெல்லாம் தடுக்கச் சட்டம் இல்லையா? உண்டு; நிறையவே உண்டு. நீர் மாசுத் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 1974இல் நிறைவேறியது. அது முதன்முதல் நடைமுறைக்கு வந்த பன்னிரண்டு மாநிலங்களுள் எம்மை வளர்த்த கேரளமும் உண்டு. தன்பாத் அன்று அடங்கியிருந்த பீகாரும் உண்டு. போபால் பேரழிவுக்குப் பின் 1986இல் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2010இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைந்தது. நிலக்கரிச் சுரங்கங்கள் ஆற்றில் விடும் கழிவுநீரில் மிதக்கும் துகள்கள் ஒரு லிட்டருக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்று 2000ஆம் ஆண்டிலேயே விதி வகுத்துவிட்டார்கள். நூறு மில்லிகிராம் என்பது ஒரு சிட்டிகைக்கும் குறைவு. அவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்ட விதி, ஆற்றங்கரையில் நிற்பவனுக்கு எப்போது துணை வருகிறது என்பதே யாம் சொல்ல வந்தது.

2012ஆம் ஆண்டு, மழைக்காலம் முடிந்த ஒரு பிற்பகல். யாம் பணிபுரிந்த அலுவலகத்துக்கு முதியவர் ஒருவர் வந்தார். ஜாரியாப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். கையில் இந்தியில் எழுதிய மனு. அதில் நாற்பதுக்கு மேற்பட்ட கைநாட்டுகள். தோளில் தொங்கிய துணிப்பையிலிருந்து கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்து எம் மேசைமேல் வைத்தார். தம் ஊர்க் கிணற்றை ஒட்டி ஓடும் கால்வாயில் அன்று காலை பிடித்த நீர் என்றார். மையைக் கரைத்ததுபோல் இருந்தது.

எம் அலுவலகத்துக்கும் நீர் மாசுக்கும் தொடர்பில்லை. அதை அவரிடம் சொன்னோம். “பாபு, பெரிய கட்டடமாக இருந்தது, அரசாங்கம் என்று எழுதியிருந்தது, அதனால் வந்தேன்” என்றார். மனுவை வாங்கி வரவுப் பதிவேட்டில் எண்ணிட்டோம். ‘இவ்வலுவலக வரம்புக்கு உட்பட்டதன்று, உரிய அலுவலகத்துக்கு அனுப்பலாம்’ என்று குறிப்பெழுதினோம். மேலதிகாரி கையொப்பமிட்டார். மனு போயிற்று. குறிப்பில் பிழை ஏதும் இல்லை. இருபது ஆண்டுப் பணியில் யாம் எழுதிய குறிப்புகளில் அதைவிடப் பிழையற்றது இன்னொன்று இருக்குமா என்பது ஐயமே.

புட்டியை அனுப்ப வழியில்லை. அது எம் இரும்பு அலமாரியின் மேலேயே தங்கிவிட்டது. ஒரு வாரத்தில் கருமை முழுதும் அடியில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் படிந்து, மேலே நீர் தெளிந்து நின்றது. புதிதாய் வந்த ஊழியர் ஒருவர் அதைப் பார்த்து, “இதில் என்ன குறை? நன்றாகத்தானே இருக்கிறது” என்றார். யாமும் சிரித்தோம்.

பின்னொரு நாள், சட்டத்தை முழுதும் படித்துப் பார்ப்போமே என்று எடுத்துப் படித்தபோதுதான் அந்தப் புட்டியின் உண்மை நிலை விளங்கியது. சட்டத்தின் 21ஆம் பிரிவு, கழிவுநீர் மாதிரி எடுக்கும் முறையைச் சொல்கிறது. வாரியம் அதிகாரம் அளித்தவரே எடுக்க வேண்டும். எடுக்கும்போதே ஆலைக்கு உரியவருக்கு அறிவிப்புத் தர வேண்டும். மாதிரியை இரண்டாகப் பகுத்து, முத்திரையிட்டு, இருவரும் கையொப்பமிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். இம்முறை வழுவினால் ஆய்வின் முடிவு சான்றாக ஏற்கப்படாது. ஆலைக்காரரும் குடிமகனே, பொய்ச்சான்றிலிருந்து அவரைக் காக்கும் விதி இது. இதில் நீதி உண்டு. ஆயின் பையில் சுமந்து வந்த முதியவரின் புட்டி, சட்டத்தின் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. அவர் குடிக்கிறார்; அவர் காண்கிறார்; அளக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. அளக்க வேண்டியவர் வரும்போது கால்வாய் தெளிந்திருக்கும்.

நீரும் நிலக்கரியும் வழக்குமன்றம் ஏறிய கதை ஒன்றும் உண்டு. நமக்கு அண்மையில் நிகழ்ந்தது. நம்மில் பலர் அறியாதது. மேற்குப் பொகாரோவின் நிலக்கரி கழுவும் ஆலைகளிலிருந்து கரிக்குழம்பு பொகாரோ ஆற்றில் விடப்படுகிறது, வாரியம் கைகட்டி நிற்கிறது என்று 1988இல் உச்ச நீதிமன்றத்தில் ஒருவர் பொதுநல வழக்குத் தொடுத்தார். அந்த ஆறு கோனாறிலும், கோனாறு தாமோதரிலும் கலப்பவை. 1991 சனவரியில் தீர்ப்பு வந்தது. மாசற்ற நீரையும் காற்றையும் துய்க்கும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் உறுப்பு வழங்கும் உயிர் வாழும் உரிமையில் அடங்கும் என்று நீதிமன்றம் உரைத்தது. இன்றளவும் நாட்டின் எந்த மூலையில் நீர் வழக்கு நடந்தாலும் வழக்கறிஞர்கள் எடுத்துக்காட்டும் வாசகம் அது.

ஆயின் அந்த வழக்கு வென்றதா? தள்ளுபடியாயிற்று! வழக்காடியவர் கரிக்குழம்பு வாங்கி விற்ற வணிகர். உலர்ந்த குழம்பும் எரிபொருளே. அதற்கு விலை உண்டு. கூடுதலாக வேண்டுமென்று நிறுவனத்தைக் கேட்டார், கிடைக்கவில்லை, அந்தச் சொந்தக் காரியத்துக்கே பொதுநலப் போர்வை போர்த்தினார் என்று நீதிமன்றம் கண்டது. வாரியம் தன் கடமையைச் செய்திருக்கிறது, குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்றும் கூறி, 5,000 ரூபாய் செலவுத்தொகை கட்டுமாறு ஆணையிட்டது. நாட்டுக்கே பொதுவான ஓர் உரிமை, பொய்யான ஒரு வழக்கின் வாயிலாகப் பிறந்தது.

இதைப் படித்த நாளில் எமக்கு வியப்பைவிட வெட்கமே மிகுந்தது. குழம்பை விற்று வாழ்ந்தவர் தம் காரியத்துக்காகத் தில்லிவரை சென்று, உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்டினார். குழம்பைக் குடித்து வாழ்ந்தவர் எம் மேசைவரை வந்தார். யாம் அவருக்கு ஒரு வரவு எண் கொடுத்தோம்.

ஆணை வலுவாக இருந்தால் போதும் என்பாரும் உளர். மேகாலயத்தில் எலிவளைச் சுரங்கங்களைப் பசுமைத் தீர்ப்பாயம் 2014 ஏப்ரலில் தடை செய்தது. அதைவிட வலுவான ஆணை உண்டா? 2018 டிசம்பரில் அதே ஜயந்தியா மலைகளில், கசான் என்னுமிடத்தில், தடை செய்யப்பட்ட சுரங்கமொன்றில் ஆற்றுநீர் புகுந்து பதினைந்து தொழிலாளர் சிக்கிக்கொண்டனர். தடைக்குப் பின்னும் தோண்டிக்கொண்டே இருந்தார்கள் என்பதை நாடு அன்றுதான் அறிந்தது. கண்காணிக்கத் தவறிய மாநில அரசுக்கு 2019 சனவரியில் தீர்ப்பாயம் 100 கோடி ரூபாய் விதித்தது. அதைச் செலுத்துமாறு அவ்வாண்டு சூலையில் உச்ச நீதிமன்றமும் கூறியது. தாளில் இருந்த தடை, தரையில் இறங்கவே இல்லை.

இதற்கு மாறான காட்சியும் எம் கேரளத்திலேயே உண்டு. எம் மலைத்தொடரின் வடபுறத்தில், பாலக்காட்டுச் சமவெளியில், தமிழக எல்லையை ஒட்டியிருப்பது பிளாச்சிமடை. 2000ஆம் ஆண்டில் அங்கே கோக்கோ கோலா ஆலை இயங்கத் தொடங்கியது. சில திங்களில் கிணற்று நீர் சோறு பொங்கவும் உதவவில்லை என்று ஊர்ப்பெண்கள் முறையிட்டார்கள். அளவுக் கருவி அவர்களிடமும் இல்லை. 2002 ஏப்ரல் 22ஆம் நாள் ஆலை வாயிலுக்கு எதிரே கீற்றுக்கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். பழங்குடிப் பெண் மயிலம்மா அவர்களுக்கு முன்னின்றார். மறு ஆண்டு பெருமாட்டி ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது. அவர்களுக்கு உரிய இழப்பீடு இன்றுவரை கைக்கு வரவில்லை. உயர்நிலைக் குழு 216 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று கணித்தது. 2011இல் சட்டமன்றம் நிறைவேற்றிய இழப்பீட்டுத் தீர்ப்பாய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் இசைவு கிட்டவில்லை. எனினும் ஆலை மீண்டும் இயங்கவில்லை. அங்கே அதிகாரிகள் வந்து போனார்கள், அப்பெண்கள் போகவில்லை. வேறுபாடு அதுவே.

இனி, இதை எழுதவைத்த காரணத்துக்கு வருவோம்.

இம்முறை ஊருக்கு வந்த மறுநாள் காலை, பல் துலக்க ஓடைக்குப் போனோம். துவைக்கும் கல் உலர்ந்திருந்தது. எம் அன்னையார் குழாயடியில் துவைத்துக்கொண்டிருந்தார். ஏனென்று கேட்டோம். “தண்ணி சரியில்லப்பா” என்றார். ஓடையில் நுரை மிதந்தது. கூழாங்கல்லின் மேல் வழவழப்பான பாசி. சரிவில் ஏறிப் பார்த்தோம். மேலே புதிதாக எழுந்துள்ள தங்கும் விடுதியொன்றின் பின்புறச் சுவரிலிருந்து ஒரு குழாய் ஓடையை நோக்கி நீண்டிருந்தது. அது கரியன்று, சோப்பும் எச்சிலும் மலமுமாகும். அதனால் என்ன? ஆறு சாதி பார்ப்பதில்லை, அழுக்கும் அப்படியே.

“ஏன் ஒருவரும் சொல்லவில்லை?” என்றோம்.

“சொன்னோமே. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்காதே என்பார்கள். பழிக்கவேண்டியதாகிவிட்டதே என்று பேசிக்கொண்டோம். யாரிடம் போய்ச் சொல்ல?” என்றார்.

எம் அலமாரியின் மேலிருந்த புட்டி கண்முன் நின்றது. அந்த முதியவர் பெயர்கூட எமக்கு நினைவில்லை. மனுவின் வரவு எண்ணை மட்டும் நினைவு வைத்திருக்கிறோம். எழுத்தரின் மூளை அப்படிப்பட்டது. அனுப்பிய அலுவலகத்திலிருந்து மறுமொழி வந்ததா என்று யாம் பார்க்கவில்லை. முப்பது நாள் கழித்து ஒரு நினைவூட்டு அனுப்பியிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. கோப்பு எம்மை விட்டுப் போனதும் பழியும் போயிற்று என்றிருந்தோம். சட்டத்தைக் கொல்வதற்குக் கையூட்டு வாங்கும் அதிகாரி வேண்டியதில்லை. நினைவூட்டு அனுப்பாத எழுத்தர் போதும்.

அதே சட்டத்தில் 49ஆம் பிரிவு ஒன்று உண்டு. 1988 திருத்தத்தால் விரிந்தது. வாரியத்துக்கு அறுபது நாள் முன்னறிவிப்புத் தந்துவிட்டு, எந்தக் குடிமகனும் தாமே நீதிமன்றத்தில் முறையீடு செய்யலாம். தொடர்பான அறிக்கைகளைக் கேட்டால், பொதுநலனுக்கு மாறாகாதவற்றை வாரியம் தரவும் வேண்டும். 2024ஆம் ஆண்டுத் திருத்தம் பல குற்றங்களுக்குச் சிறையை நீக்கி, 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரை தண்டமாக்கியிருக்கிறது. அதை ஏற்கும் மாநிலங்களில் அதுவே செல்லும். தண்டம் பெரிதோ சிறிதோ, அறிவிப்பு அனுப்ப ஓர் ஆள் வேண்டும். இப்பிரிவைப் படித்தபோது அந்த முதியவரிடம் சொல்லியிருக்க வேண்டும். யாம் படித்தது அவர் வந்துபோய் மூன்றாண்டுக்குப் பின்.

அன்று மாலை திண்ணையில் அமர்ந்து அறிவிப்பை எழுதினோம். ஓடை தொடங்குமிடம், குழாய் இருக்குமிடம், கண்ட நாள், நேரம். வாரியமே வந்து முறைப்படி மாதிரி எடுக்க வேண்டும் என்னும் வேண்டுகோள். “அரசாங்க வேலையில் இருக்கிறீர்கள், நமக்கேன் வம்பு?” என்று மனைவி கேட்டார். அவர் அச்சத்தில் பொருள் உண்டு. எமக்கும் அது இருந்தது. குடிக்கும் நீர் பற்றிக் குடிமகனாக எழுதுகிறோம், அலுவலகப் பெயரைப் போடவில்லை என்றோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, தம் பெயரையும் சேர்த்து எழுதச் சொன்னார். பிறகு அன்னையார் கையொப்பமிட்டார். அண்டை வீட்டார் அறுவர் இட்டனர். அவர்களுள் இருவர் மலையாளிகள். தமிழில் எழுதியதை மலையாளத்தில் பெயர்த்து எழுதித் தந்தவரும் அவர்களே.

தன்பாத்திலும் பொகாரோவிலும் ராஞ்சியிலும் வாழும் நம் சங்கத்துக் குடும்பங்கள் நிலக்கரியால் சோறுண்பவை, யாமும் அப்படியே. கரி வேண்டாமென்று சொல்லும் தகுதி எமக்கில்லை. இங்கே நாம் வந்தேறிகள், நமக்கென்ன என்று ஒதுங்கும் வழக்கம் நம்மிடம் உண்டு. தாமோதரின் நீரைப் பதினைந்து இருபது ஆண்டுகள் குடித்தவன் எந்த ஊரான்? அந்நீரைப் பற்றி எழுதப்படிக்கத் தெரிந்தவர்கள் நம்மில் பலர். கைநாட்டு வைப்பவருக்கு ஒரு மனு எழுதிக் கொடுப்பதும், அதன் பின் முப்பதாம் நாள் ஒரு நினைவூட்டு எழுதிக் கொடுப்பதும் நம்மால் இயலாதவை அல்ல.

நாளை மறுநாள் யாம் தன்பாத் திரும்புகிறோம். அறிவிப்பு விரைவு அஞ்சலில் போய்விட்டது. எம் அன்னையார் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியை இறக்கி, ஒவ்வொரு தாளாக விரலால் எண்ணி, அறுபதாம் நாளின் முனையை மடித்து வைத்திருக்கிறார். அன்று காலை அவர் தொலைபேசியில் அழைப்பார். யாம் எங்கிருந்தாலும் எடுத்துப் பேச வேண்டும்.